பீ என்று கூப்பிட்டவள்

ஏழெட்டு வருடமாக நான் ஒரு பகிடிக் கதை சொல்லி வந்தேன். பாரிசுக்கு வெளியே சார்செல்லில் பிறந்தநாள் என்றாலும் பக்கத்துப் பியர்ஃபித்தில் மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு செய்தாலும், சாப்பாடு முடிந்து கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டதும் யாராவது என் பக்கம் திரும்பிவிடுவார்கள். "அக்கா, அந்தத் தாய்லாந்துக்காரியின்ரை கதையைச் சொல்லுங்கோவன்." முதலில் கொஞ்சம் பிகு பண்ணுவேன். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழும்புவேன். அவளுடைய குரல், அவள் கையை நீட்டும் விதம், கடைசியில் அவளுடைய சிரிப்பு என்று எல்லாம் செய்து காட்டுவேன். சிரிப்பைச் செய்து காட்டும்போதுதான் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். இப்போது அந்தக் கதையை நான் சொல்வதில்லை.

பிரான்சுக்கு வரமுன் நானும் கணவரும் இரண்டரை வருடம் பாங்கொக்கில் இருந்தோம். அவருக்கு ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. நாலாம் மாடியில் ஒற்றை அறை, அதற்குள் நாள் முழுக்க நானும் மின்விசிறியும். வெளியே போனால் எல்லாம் தலைகீழாக இருந்தது. பஸ்சில் கணவரோடு கதைத்தால் முன் சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்தார்களாம், நாங்கள் மீன் விலை கதைத்துக்கொண்டிருந்தோம். குழாய் ஒழுகுகிறது என்று கட்டடத்துக் காவலாளியிடம் சொன்னால் ஓமோம் என்று தலையாட்டிச் சிரிப்பார். அடுத்த நாளும் குழாய் ஒழுகும், அவரும் சிரிப்பார். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லவே தெரியாத சனம் என்று எனக்கு எரிச்சல். சிரிப்பை வைத்து அவர்களை அளக்கக்கூடாது என்று அப்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சரியான முடிவுதான். ஆனால் நான் அதைப் புரிந்துகொண்ட விதம் பிழை.

கட்டடத்தின் வாசலில் அவளுடைய சாப்பாட்டுக் கடை. ஒரு தள்ளுவண்டி, மூன்று பிளாஸ்டிக் மேசை, ஓர் உரல், அவ்வளவுதான். பப்பாசிக்காயை நீளமாகச் சீவி, மிளகாயும் தேசிப்புளியும் போட்டு உரலில் குத்தி ஒரு சம்பல் செய்வாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். ஐந்து வயதில் ஒரு மகள். தனியாக இருக்கப் பிடிக்காமல் நான் கீழே போய் அவளுக்கு உள்ளி உரித்துக் கொடுக்கத் தொடங்கினேன். அவளுக்கும் எனக்கும் பொதுவாகத் தெரிந்தது இருபது முப்பது இங்கிலீஷ் சொற்கள்தான். ஆனால் அவள் என்ன கதைத்தாலும் கடைசியில் "கா" என்று இழுத்து முடித்தாள். "மேடம் கா" என்பாள். எனக்கு அது "மேடம், அக்கா" என்று கேட்டது. பக்கத்தில் அம்மன் கோயில் இருந்தது, எங்கள் சனம் நிறைய வந்து போகிற இடம். அவர்களோடு பழகி அக்கா என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். சாப்பிட வந்த ஆண்களுக்கும் அவள் கா என்றுதான் சொன்னாள். அதைக் கேட்க எனக்குக் காது இருக்கவில்லை.

அக்கா என்று கூப்பிட்டால் சும்மா இருக்க முடியுமா? நான் அக்காவாகவே நடந்தேன். அவளுடைய போத்தல்களை என் வசதிக்கு இடம் மாற்றி வைத்தேன். பிள்ளையின் தலையைப் பிடித்து இழுத்து எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்டேன். மிளகாயைக் குறை என்று உரத்துச் சொன்னேன், வியாபாரம் கெடாதா என்றும் கேட்டேன். ஒருநாள் கீரைக்கூடை வழியில் இருந்தது, கை ஈரமாக இருந்ததால் காலால் ஓரமாகத் தள்ளினேன். அவள் உலக்கையை வைத்துவிட்டு வந்து, கூடையை இரண்டு கையாலும் எடுத்து மேசைக்கு மேலே வைத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மை பென் ரை" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். பரவாயில்லை என்றால் பரவாயில்லைதானே என்று நான் தொடர்ந்து உள்ளி உரித்தேன். பிறகுதான் விளங்கியது, அங்கே சாப்பாட்டுச் சாமானில் கால் படுவதென்றால் முகத்தில் துப்பின மாதிரி என்று.

இரண்டாம் வருடம் எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. கணவர் வேலைக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும். காய்ச்சல் விடும்வரை ஒவ்வொரு நாளும் காலையில் அவள்தான் நாலு மாடி ஏறி வந்தாள். இஞ்சி போட்ட அரிசிக்கஞ்சி கொண்டு வருவாள். நான் குடித்து முடிக்கும்வரை நிலத்தில் கால்களை மடித்து இருப்பாள், கோப்பையைக் கழுவி எடுத்துக்கொண்டு இறங்குவாள். ஒரு நாளும் என் கட்டிலில் இருக்கவில்லை, நான் சொல்லியும் இருக்கவில்லை. அந்தக் கஞ்சியின் மணம் இப்போதும் சிலவேளை மூக்கில் வந்து போகும்.

எழும்பி நடக்கத் தொடங்கிய கிழமை, கணவரோடு வேலை செய்யும் ஒருவரின் மனைவி என்னைப் பார்க்க வந்தாள். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரி. இருவரும் கீழே இறங்கினோம். கடையில் நல்ல சனம். என்னைக் கண்டதும் கடைக்காரி கைவேலையை விட்டுவிட்டு முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தாள். ஒரு தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பீ கா," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் திரும்பவும், இன்னும் ஆசையாக, "பீ கா, பீ கா" என்றாள்.

பக்கத்தில் நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். "உங்களை என்னவாம்? பீ அக்காவாமோ?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வந்தவள் இதைப் போய் எல்லாருக்கும் சொல்லப்போகிறாள் என்பதுதான் முதலில் மனதில் ஓடியது. "ஆரைப் பார்த்துப் பீ எண்டுறாய்? கஞ்சி தந்தனீ எண்டால் என்னவும் சொல்லலாமோ?" என்று தமிழில் கத்தினேன். தமிழ் விளங்காதே என்று "நோ றெஸ்பெக்ட், நோ றெஸ்பெக்ட்" என்று அவள் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினேன். தட்டைத் தள்ளிய வேகத்தில் சம்பல் அவளுடைய சட்டையில் கொட்டியது. மேசைகளில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தட்டுகளையே பார்த்தார்கள். ஒருவர்கூட எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் சிரித்தாள். வாய் மட்டும் சிரித்தது. நான் இத்தனை வருடம் மண்டபங்களில் செய்து காட்டிய சிரிப்பு அதுதான்.

இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "அவையின்ரை பாசையிலை வேறை ஏதும் கருத்தாயிருக்கும். நீர் ஒருக்கா கேட்டுப் பாருமன்," என்றார்.

"கேக்க ஒண்டுமில்லை. திட்டிப்போட்டு இளிக்கிறாள், நீங்கள் அவளுக்கு வக்காலத்து வாங்குறியள்."

கேட்கவில்லை. கோயில் வாசலில் பூ விற்கும் பெண்களைக் கேட்டிருக்கலாம். காவலாளியைக் கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்க வாய் வரவில்லை, கத்த மட்டும் வந்தது. அடுத்த நாளிலிருந்து அவள் என்னைப் பழையபடி "மேடம் கா" என்றாள். சாப்பாடு வாங்கினால் முன்பு போலவே கூடப் போட்டுக் கட்டித் தந்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளிக் கூடையை என் பக்கம் நகர்த்தவில்லை. நான் வந்தால் இருக்கிற கதிரையில் வேறு யாராவது இருந்தார்கள், அல்லது சாமான் இருந்தது. புத்தி வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். உண்மையில் அப்படியேதான் நினைத்தேன்.

பாரிஸ் விசா வந்து நாங்கள் புறப்பட்ட அன்று, டாக்ஸியில் ஏறும்போது அவள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கணவரின் கையில் கொடுத்தாள். என்னிடம் தரவில்லை. இரண்டு கையையும் நெற்றிவரை உயர்த்திக் கும்பிட்டாள். நான் கண்ணாடிக்கு உள்ளே இருந்து தலையை ஆட்டினேன். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தோம். வாழையிலையில் சுற்றிய இனிப்புகள், தேங்காய்ப்பால் மணத்தது. மூடியில் கறுப்புப் பேனையால் ஏதோ எழுதியிருந்தது, ஒரே ஒரு சின்னச் சொல். முதல் எழுத்துக்கு மேலே ஒரு தொப்பி, தொப்பிக்கு மேலே ஒரு கீறு.

"என்ன எழுதியிருக்கு?" என்று கணவர் கேட்டார்.

"விலையாக்கும்," என்றேன். இனிப்பைச் சாப்பிட்டோம். பெட்டியைக் குப்பையில் போட்டேன்.

இப்போது நான் பாரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில், கேசில் காசு வாங்க நிற்கிறேன். போன வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு தாய்லாந்துப் பெண்கள் வந்தார்கள். ஒருத்திக்கு ஐம்பது இருக்கும், மற்றவள் படிக்கிற வயது. இளையவள் பப்பாசிக்காய்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்துத் தெரிந்தெடுத்தாள். பிறகு கடையின் மறுபக்கம் நின்ற பெரியவளைக் கூப்பிட்டாள்.

"பீ, பீ கா."

பெரியவள் சந்தோசமாகத் திரும்பினாள். என் கை மிளகாய்ப் பையோடு தராசின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

காசு கட்ட வந்தபோது என் அரைகுறைப் பிரெஞ்சில் இளையவளைக் கேட்டேன், இவ உங்கடை அம்மாவா என்று. இல்லை, ஒரே இடத்தில் வேலை செய்கிறோம் என்றாள். அப்படியென்றால் பீ என்றால் என்ன?

"அக்கா," என்று பிரெஞ்சில் சொன்னாள். வயதில் மூத்தவர்களை அப்படிக் கூப்பிடுவதாம். தெரியாதவர்களென்றால், வெளிநாட்டுக்காரரென்றால், மேடம் என்பதாம். மனதுக்குக் கிட்ட வந்த பிறகு பீ. அப்போ கா? அது பெண்கள் மரியாதைக்குச் சேர்ப்பது, யாரோடு கதைத்தாலும் வரும் என்றாள்.

எனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஆனாலும் ஒரு பற்றுச்சீட்டைத் திருப்பிப் போட்டுப் பேனையைக் கொடுத்தேன். எழுதிக் காட்டும்படி கேட்டேன். அவள் எழுதினாள். ஒரு எழுத்து, மேலே தொப்பி, தொப்பிக்கு மேலே ஒரு கீறு. மூடியில் இருந்தது இதுதான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். எனக்கு அவர்களுடைய எழுத்தெல்லாம் ஒரே மாதிரித்தான். ஆனால் அந்தத் தொப்பியும் கீறும் எனக்கு ஞாபகம் இருந்தன. அவ்வளவு பேருக்கு முன்னால் கத்தி அவமானப்படுத்திய பிறகும், வாயால் சொல்லப் பயந்த அந்தச் சொல்லைப் பெட்டியில் எழுதித் தந்திருக்கிறாள். நான் விலை என்றேன்.

"சுகமில்லையா?" என்று அந்தப் பெட்டை கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். வயதில் இளையவளை என்னென்று கூப்பிடுவது என்று மட்டும் கேட்டேன். "நோங்" என்றாள். இரண்டரை வருடம் அந்த ஊரில் இருந்து அந்தச் சொல்லை நான் ஒரு தரமும் சொல்லவில்லை.

தேடாமல் இல்லை. கணவர் பழைய முதலாளிக்குப் போன் எடுத்துக் கேட்டார். அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்களாம். வாசலில் கடை வைத்திருந்தவளை அவருக்கு ஞாபகம் இல்லை. ஒரு தள்ளுவண்டிக்காரியை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

இந்த வருடம் சார்செல்லில் என் மச்சாளின் மகளுக்குப் பிறந்தநாள். சாப்பாடு முடிந்தது, கதிரைகள் வட்டமாக வந்தன. "அக்கா, அந்தப் பீக் கதையைச் சொல்லுங்கோ, இவையள் இன்னும் கேக்கேல்லை," என்று மச்சாள் சொன்னாள். நான் எழும்பவில்லை. இருந்தபடியே சொன்னேன்.

"அந்தக் கதை பிழை. அவ என்னைத் திட்டேல்லை. அவையின்ரை பாசையிலை பீ எண்டால் அக்கா. என்னை அக்கா எண்டுதான் கூப்பிட்டவ."

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. "அக்காவுக்குப் பீயாமோ?" என்று யாரோ சொல்ல, இன்னொருத்தி தன் அக்காவைத் தட்டி "பீ, பீ, இஞ்சை வா" என்றாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். அவர்களுக்கு அது முந்தின கதையைவிட நல்ல பகிடியாகப் போய்விட்டது. யாரிடம் கோபிப்பது? வருடக்கணக்காக இவர்களைச் சிரிக்கப் பழக்கியவள் நான்.

கண் கலங்கிவிடப் போகிறது என்று பயந்து நானும் சிரித்தேன். என் வாய் மட்டும் சிரித்தது.

"பாருங்கோ, பாருங்கோ," என்று மச்சாள் கை தட்டினாள். "அவளின்ரை சிரிப்பு. அப்பிடியே செய்யிறா."