பொட்டு வைத்த பிளாப்பி

சண்முகசுந்தரிக்குக் கம்ப்யூட்டர் படிப்பு ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை. குற்றாலத்துப் பெண்கள் கல்லூரியில் அவள் கணக்கு பி.எஸ்ஸி. முடித்த கையோடு, சுந்தரபாண்டியபுரத்தில் அப்பா வீரபாகு மாப்பிள்ளை தேடக் கிளம்பிவிட்டார். அவள் சாப்பிடாமல் கொள்ளாமல் கிடந்து அடம்பிடித்தாள். கடைசியில் மதுரையில் அத்தை வீட்டில் தங்கி ஆறு மாதம் படித்துவிட்டு வந்தாள். "அது என்னட்டி, டைப் அடிக்கதுதானே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

1988இல் தென்காசி ரத வீதிப் பக்கம் ஒரு மாடியில் தாணுமாலயன் அண்ணாச்சி கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார். அதுவரை அங்கே டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவர் அவர். இருந்தது ஒரே ஒரு மெஷின். அதற்குத் தனி அறை, ஏ.சி., திரைச்சீலை, வெல்வெட் உறை. புது மாப்பிள்ளைக்குக்கூட அந்த ஊரில் அப்படி ஒரு உபசாரம் நடந்திருக்காது. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே, சுந்தரிதான் டீச்சர்.

ஒரு நாள் மதியம் இரண்டு பெண்கள் படியேறி வந்தார்கள். அதில் உயரமானவள் பீஸ் எவ்வளவு என்று கேட்டாள். சுந்தரி சொன்னதும், "சரிக்கா" என்று திரும்பி இறங்கிவிட்டாள். பேரம் இல்லை, பெருமூச்சுகூட இல்லை. சுந்தரிக்கு என்னவோ போல ஆகிவிட்டது. தெருமுனை வரை பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்தாள். உயரமானவள் பெயர் நூர்நிஷா. மற்றவள் சைதூன் பீவி. சைதூனின் வாப்பா சீசனில் ஐந்தருவியில் சிப்ஸ் கடை போடுகிறவர். இரண்டு பேரும் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை.

"மத்தியானம் மெஷின் சும்மாதானே கெடக்கு, அண்ணாச்சி. இந்த ரெண்டு பிள்ளைகளுக்கும் நான் சொல்லிக்குடுக்கேன். பீஸ் கேக்காதீங்க" என்று சுந்தரி போய் நின்றாள்.

தாணுமாலயன் கெட்டவர் இல்லை, பயந்தவர். மெஷின் மேல் தூசி விழுந்தால் தன் கண்ணில் விழுந்த மாதிரி துடிப்பார். "பீடிக் கையிட்டி அது. புகையிலைத் தூள் உள்ள போச்சுன்னா அன்னையோட முடிஞ்சுது. சரி, வரட்டும். ஆனா ஏதாவது ஒண்ணு கெட்டுச்சோ, ரெண்டும் இறங்கிரணும். அப்பறம் எங்கிட்ட வந்து பேசக் கூடாது" என்றார்.

வகுப்பு அப்படித்தான் தொடங்கியது. வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஒருத்தி மெஷினில் உட்கார்ந்தால், மற்றவள் அட்டையில் வரைந்த எழுத்துக்கட்டைகளில் தட்டிப் பழக வேண்டும். இலையில் தூளை வைத்துக் கண்மூடித் திறப்பதற்குள் சுருட்டிய விரல்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? நூர்நிஷா இரண்டே மாதத்தில், காசு கட்டிப் படித்த காலேஜ் பையன்களைத் தாண்டிப் போய்விட்டாள். பெருக்கல் வாய்ப்பாடு போடும் புரோகிராம் ஒன்றைத் தானே எழுதி ஓட்டிவிட்டு, "இது தப்பே சொல்லாதாக்கா?" என்று கேட்டாள்.

"நாம தப்பாச் சொல்லிக் குடுத்தாத்தான் தப்புச் சொல்லும்."

"அப்ப நல்ல மெஷின்தான்" என்று அவள் சிரித்தாள்.

டிசம்பரில் பரீட்சை. அதில் தேறிச் சான்றிதழ் வாங்கிவிட்டால் வேலைக்கு மனுப் போடலாம். அதுவரை கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று நூர்நிஷாவின் உம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். வகுப்பு நின்றால் அந்த வாக்கும் நின்றுபோகும். பிறகு பீடித் தட்டு, நிக்காஹ், அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் சரஸ்வதி பூஜை வந்தது.

"எல்லாத்துக்கும் பொட்டு வை. ஒண்ணையும் விட்டுராத" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அவர் மனைவி நாச்சியார் ஆச்சி கையால் அரைத்த சந்தனம் கிண்ணம் நிறைய வந்திருந்தது. சுந்தரி மெஷினுக்கு வைத்தாள், ஏ.சி.க்கு வைத்தாள், நாற்காலியைக்கூட விடவில்லை. கடைசியில் பிளாப்பிகள். கம்ப்யூட்டருக்கு உயிரே அதில்தான். அதைப் போட்டால்தான் மெஷின் விழிக்கும். மெல்லிய கறுப்புச் சதுரம், நடுவில் ஒரு திறப்பு. திறப்பில் தெரியும் தகட்டில் விரல் பட்டாலே போச்சு என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவள் சுந்தரிதான். சாமிக்கு வைக்கும்போது காகித உறைக்குப் பொட்டு வைத்தால் போதுமா? மனசு கேட்கவில்லை. உறையை உருவி, திறப்பில் படாமல் ஒரு ஓரமாகப் பார்த்துப் பார்த்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் வைத்து, திரும்ப உறையில் போட்டு அடுக்கினாள். அவ்வளவு பக்தி.

மறுநாள் விஜயதசமி. புதிதாகச் சேர வந்த பிள்ளைகளும் பெற்றோரும் அறை நிறைய நின்றார்கள். நூர்நிஷாவும் சைதூனும் பின்னால் நின்றார்கள். சுந்தரி பிளாப்பியை உள்ளே தள்ளிப் பொத்தானை அழுத்தினாள். மெஷின் கரகரவென்று முனகியது. திரையில் ஒன்றும் வரவில்லை. அடுத்த பிளாப்பியைப் போட்டாள். அதற்கும் அதே முனகல்தான். வெளியே எடுத்துப் பார்த்தால், திறப்பெல்லாம் பழுப்பாகத் தூள். ராத்திரியோடு ராத்திரியாகச் சந்தனம் காய்ந்து, பொட்டு இருந்த தடமே இல்லாமல் உதிர்ந்து, உறைக்குள்ளேயே பரவியிருந்தது.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "புகையிலைத் தூளு! நான் அன்னைக்கே சொன்னனா இல்லையா?" என்று பின்னால் திரும்பினார். "ரெண்டு பேரும் இறங்குங்கட்டி."

நூர்நிஷா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவுக்கு வெளியே கிடந்த செருப்பில் காலை நுழைத்தாள். சைதூனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அது என்ன தூள் என்று சுந்தரிக்குத் தெரியும். சொன்னால் வேலை போகும். வேலை போனால் வீட்டில் மாப்பிள்ளை ஜாதகம் தயாராக இருக்கிறது. நூர்நிஷா முதல் படியில் இறங்கிய பிறகுதான் அவளுக்குக் குரலே வந்தது.

"அண்ணாச்சி, அது அவங்க இல்ல. நான். நேத்துப் பொட்டு வச்சேன். அந்தச் சந்தனம்தான் உதுந்திருக்கு."

தாணுமாலயன் அவளை வாஞ்சையோடு பார்த்தார். "உனக்கு இளகின மனசு, தாயி. அதுகளக் காப்பாத்தணும்னு பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கிடாத. உன்னத் தெரியாதா எனக்கு?"

நின்றிருந்தவர்களும் "பாவம், நல்ல டீச்சர்" என்றார்கள். உண்மையைச் சொன்னதற்கு நல்லவள் பட்டம்! என்ன கூத்து இது? சுந்தரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிளாப்பியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க, அண்ணாச்சி."

அவர் வாங்கி முகர்ந்தார். இன்னொரு தரம் முகர்ந்தார். சொந்த வீட்டுச் சந்தனத்தின் வாசம் தெரியாதா? முகம் சுண்டிப்போயிற்று. ஒண்ணையும் விட்டுராத என்று சொன்னதும் அவர்தானே.

"செரி, செரி. மதுரைக்குப் போன் போட்டு வேற பிளாப்பி வரச் சொல்லுவோம்" என்றார் யாரையும் பார்க்காமல். பிறகு படியின் பக்கம் குரல் கொடுத்தார். "பிள்ளைகளா, உள்ள வாங்க."

நூர்நிஷா நின்ற படியிலிருந்தே கேட்டாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

"அக்கா கையில இருந்து வாங்கி மோந்து பாத்தீங்க. நான் நீட்டியிருந்தா வாங்கியிருப்பீங்களா, அண்ணாச்சி?"

தாணுமாலயன் கையிலிருந்த பிளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுந்தரியும் தலையைக் குனிந்துகொண்டாள். தான் வாய் திறக்க எவ்வளவு நேரம் ஆனது என்று அவளுக்குத் தெரியும்.

நூர்நிஷா இறங்கிய படியில் திரும்ப ஏறினாள். டிசம்பர் பரீட்சைக்கு இன்னும் பாதிப் பாடம் பாக்கி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.