நாங்கள் குவிக்காத நெல்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிடும். அப்பா சபையில் டீக்கனார். வேதத்தில் விடியலுக்கு முன்னால் சாயங்காலம்தான் வருகிறது, ஆகையால் சூரியன் இறங்கியதுமே ஓய்வுநாள் தொடங்கிவிடுகிறது என்பது அவருடைய கணக்கு. எங்கள் பாதிரியாருக்கே அந்தக் கணக்கு கிடையாது. அதற்குள் அம்மா தண்ணீர் கோரி, மறுநாளைக்கும் சேர்த்துச் சோறும் குழம்பும் வைத்து, அடுப்பை அணைத்துவிட வேண்டும். காற்றில் விழுந்த மாம்பழத்தை ஞாயிற்றுக்கிழமை பொறுக்கலாமா என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் தீராத வழக்கு இருந்தது. கடவுள் எங்கள் கூரைமேல் உட்கார்ந்து அடுப்பையும் மாமரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பதாகவே நான் நம்பினேன். அவர்மேல் எனக்கு இருந்தது பயம்தான்.

தக்கலைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எனக்கு எட்டு வயது. கன்னிப்பூ என்கிற முதல் போக அறுவடை அந்த வருஷம் புரட்டாசி மழையை ஒட்டித் தள்ளிப்போனது. ஒரு சனிக்கிழமை கதிரடித்துத் தூற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நெல் களம் முழுக்கப் பரந்து கிடந்தது. குவித்து வைக்கோல் போட்டு மூடுவதுதான் பாக்கி. அப்பா மேற்கே ஒரு பார்வை பார்த்தார். நெல் தள்ளும் பலகையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

காலையில் வானம் கறுத்திருந்தது. வீட்டுப் பத்தாயத்தில் பழைய நெல் அடி தட்டிவிட்டது. களத்தில் கிடப்பது போனால் அடுத்த அறுவடைவரை எங்களுக்குக் கிழங்குதான். அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றைக்கு ஒரு தடவைதான்.

“ஒரு நாளு ஆண்டவரு பொறுத்துக்கிட மாட்டாரா? பிள்ளையளுக்க சோறுல்லா கெடக்கு அங்க.”

“அவருக்க நாள நாம காத்தா, நம்ம நெல்ல அவரு காப்பாரு. கெளம்பு,” என்றார் அப்பா.

ஆராதனை பாதியில் இருக்கும்போது மழை பிடித்தது. ஓட்டுக்கூரைமேல் அது கொட்டிய கொட்டில் பாதிரியாரின் குரல் எடுபடவில்லை. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதாள். அப்பா எல்லாரையும்விட உரக்கப் பாடினார். எங்கள் களத்தில் மட்டும் மழை பெய்திருக்காது என்று நான் நிச்சயமாக நம்பினேன். மாம்பழம் வரைக்கும் விட்டுக்கொடுத்தவர்கள் அல்லவா நாங்கள்!

ஆராதனை முடிந்ததும் அப்பா ஓடினார். ஓய்வுநாளில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. களத்தில் கணுக்கால் தண்ணீர் நின்றது. ஆனால் நடுமேட்டில் நெல் குவிந்திருந்தது. மேலே கனமாக வைக்கோல், அதன்மேல் தென்னோலை, பறக்காமல் இருக்கக் கற்கள். அப்பா அந்தச் சேற்றிலேயே முழங்காலிட்டு, தம்முடைய நாளைக் காப்பவர்களைக் கர்த்தர் கைவிடுவதில்லை என்று சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னார். தேவதூதர்களைப் பார்க்கத் தவறிய வருத்தத்தோடு நான் ஆமென் போட்டேன்.

பிறகு அவர் வைக்கோலை விலக்கினார். நெல் நனையவில்லை. குவியலின் உச்சியில் மூன்று பட்டையாகத் திருநீறு பூசியிருந்தது. தேவதூதர்கள் திருநீறு வைத்திருப்பார்கள் என்று ஓய்வுநாள் பள்ளியில் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

பக்கத்து வயல்காரர் வரப்பில் சொட்டச் சொட்ட வந்தார். சைவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். “பொம்பளையளு பிள்ளையளு எல்லாருமா வாரிக் கூட்டியாச்சு வே. வைக்கோலு நம்ம போர்ல உள்ளதுதான். ஒமக்கு இன்னைக்கு வேல ஆகாதுல்லா,” என்றார்.

அப்பா திருநீற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். களத்தில் நெல்லைக் குவித்தால் உச்சியில் திருநீறு வைப்பது அவர்கள் வழக்கம். மாமா அதை அப்போதுதான் கவனித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அய்யோ, டீக்கனாரே, கைப்பழக்கம். நம்ம நெல்லுன்னு நெனச்சுப் பூசிட்டேன். இரியும், தொடச்சிருதேன்.”

அவர் கையை நீட்டினார். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கெடக்கட்டும் அண்ணாச்சி,” என்றார். வெகுநேரம் அவர் அந்தக் கையை விடவில்லை.

திங்கட்கிழமை நெல் அளக்கும்போது உச்சி நெல்லைத் தனியே ஒதுக்குவார் என்று காத்திருந்தேன். திருநீறும் நெல்லும் ஒன்றாகவே மூட்டைக்குள் போயின. எந்தக் கவளத்தில் அது வருமோ என்ற கவலை எனக்கு.

அந்த நெல்லைக் குத்திப் புதுச்சோறு பொங்கிய அன்று மாமாவும் எங்களோடு பந்தியில் இருந்தார். அப்பாவின் சாப்பாட்டு ஜெபம் எப்போதும் ஒன்றுதான்; எங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதித்ததற்காக ஸ்தோத்திரம் என்று தொடங்கும். அன்றைக்கு ‘எங்கள்’ என்றவர் அதோடு நின்றுவிட்டார். சோறு ஆறியது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். அப்பா கண்ணை மூடாமல் மாமாவின் கைகளைப் பார்த்தபடி இருந்தார்.

பாவம், அப்பாவுக்கு ஜெபம் மறந்துவிட்டது என்று நினைத்தேன்.

“எங்கள் கைகளின் பிரயாசத்தை,” என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.