பிள்ளைக்கு ஒரு ரிசர்வேஷன்

ரயிலுக்கு ரிசர்வேஷன் செய்வார்கள், தெரியும். பிரசவத்துக்கும் செய்யலாம் என்று எனக்குத் தெரிந்தது போன சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு!

இடம் – நான் வழக்கமாகப் போகும் நர்சிங் ஹோமின் வராந்தா பெஞ்சு. எனக்கு முன்னால் டாக்டரைப் பார்க்கப் போன செல்வி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அவளுக்கும் என்னைப் போலவே தலைப்பிரசவம். மாதக்கணக்காக ஒரே பெஞ்சைத் தேய்த்ததில் சிநேகிதமாகிவிட்டோம்.

"நாள் தாண்டி பத்து நாளாச்சுல்லக்கா... திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க. டிரிப் ஏத்தி வலிய வர வைப்பாங்களாம். சாயங்காலத்துக்குள்ள பிள்ள கையில!"

திங்கட்கிழமை! சாயங்காலத்துக்குள்! அடடா, இவ்வளவு நல்ல ஏற்பாட்டை ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். பஸ் வரும்வரை நிற்கப் பொறுமையில்லாமல் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து, அந்த பஸ்ஸையும் தவறவிடுகிறவள். எப்போது வரும் என்றே சொல்லாத ஓர் ஆளுக்காக நான் ஒன்பது மாதம் காத்திருந்ததே பெரிய சாதனை. டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த தேதி அக்டோபர் பதினைந்து. அன்றைக்குத்தான் அக்டோபர் பதினைந்து. வலியோ, 'இந்தா வாரேன்' என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

உள்ளே போனதும் கேட்டேன். "டாக்டர், எனக்கும் திங்கக்கிழமை டிரிப் போட்டுடலாமா?"

"இதென்ன மேட்னி ஷோவா, சிநேகிதியோட சேர்ந்து போறதுக்கு?"

டாக்டரம்மா அப்படித்தான். ஆனால் சிடுசிடுத்த பிறகு பொறுமையாக விளக்குவார். ஆக்சிடோசின் என்பது உடம்பு தானாகவே சுரக்கிற சமாச்சாரமாம். அதையே குளுக்கோஸில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றினால் கர்ப்பப்பை சுருங்கி வலி வரும். ஆனால் இயற்கையாக வரும் வலி விட்டு விட்டு வரும். மருந்து வலி சில சமயம் விடாமல் வரும். அந்த இடைவெளியில்தான் பிள்ளை மூச்சுவிட்டுக்கொள்கிறது... இடைவெளி இல்லையென்றால்? கர்ப்பப்பையின் வாய் திறக்கத் தயாராகவில்லை என்றால் நாள் முழுக்க வலித்தும் பிரயோஜனமில்லை, கடைசியில் ஆபரேஷன்தான்.

"எல்லாத்துக்கும் மேல, தேதிக் கணக்கு தப்பா இருந்தா முத்தாத பிள்ளைய நாமளே வெளிய இழுத்தது மாதிரி ஆயிடும். மூச்சுக்குத் திணறும்."

"என் தேதி கரெக்ட் டாக்டர். ஜனவரி எட்டு!" என்றேன், கம்பீரமாக.

அவர் டேப்பை எடுத்து வயிற்றை அளந்தார். முகம் மாறியது. மறுபடியும் அளந்தார்.

"தேதிக்கு வயிறு சின்னதா இருக்கே... உள்ள வளர்ச்சி நின்னுருச்சோ என்னமோ. அப்படின்னா வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. சரி, நீயும் திங்கக்கிழமை வா."

பயந்திருக்க வேண்டிய செய்தி. நானோ – வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன் – சந்தோஷப்பட்டேன். தீபாவளிக்குப் பிள்ளையோடு இருக்கலாம்!

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கையில் ஊசி ஏறியது. சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணினார். அவருடைய இன்னொரு கை என் வயிற்றின் மேலேயே இருந்தது. நடுநடுவே புனல் மாதிரி ஒரு குழலை வயிற்றில் வைத்து, அதில் காதைப் பதித்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்டார். நான் கல்லூரியில் பிசிக்ஸ் லேப் டெமான்ஸ்ட்ரேட்டர் அல்லவா? கூடவே நானும் எண்ணினேன். சிஸ்டருக்கு அது பிடிக்கவில்லை.

எட்டு மணிக்கு, 'இவ்வளவுதானா வலி?' என்று நினைத்தேன். ஒன்பதுக்கு அப்படி நினைக்கவில்லை. ஒன்பதரைக்கு எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. அம்மா பயந்துவிட்டார்.

"சிஸ்டர், இவ வாய மூடிட்டா. என்னன்னு கொஞ்சம் பாருங்க!"

ஒரு வலி கிளம்பிப்போகச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வலி வாசலில் வந்து நின்றது. சிஸ்டர் சொட்டைக் குறைத்தார். பத்தரைக்கு டாக்டரம்மா வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இத்தனை வலிக்கும் ஒரு விரல் அளவுதான் திறந்திருந்ததாம்.

"பதினோரு மணி வரைக்கும் பாப்போம். அப்புறம் பனிக்குடத்த உடைச்சு விட்டுடுறேன். அதுக்கப்புறம் திரும்பிப் போக வழி கிடையாது. சாயங்காலத்துக்குள்ள எப்படியாச்சும் எடுத்தாகணும்."

எப்படியாச்சும் என்றால் ஆபரேஷன். தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

பக்கத்துக் கட்டிலில் செல்வி. அவளும் டிரிப்பில்தான். அவள் மாமியாரும் என் அம்மாவும் இதற்குள் ஒன்றாகிவிட்டிருந்தார்கள்.

"ஒம் மகளுக்கு எம்புட்டு நாளு தாண்டுச்சு?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"ரெண்டு நாளுதான். தை எட்டு கணக்கு. அன்னைக்குத்தான் பேரையூர்ல எங்க நாத்தனா மகன் கல்யாணம். அம்புட்டு பேரும் வேன்ல போனோம், இவ மட்டும் வீட்டுக்குத் தூரமாகி உக்காந்துட்டா. அதான் தேதி மறக்கல."

"பொங்கல் முடிஞ்ச கையோட வச்சிருக்காக."

"ஆமா, பொங்கல் வச்சுச் சரியா ஒரு வாரம். வீட்ல மிச்சமிருந்த கரும்பக்கூட வேன்ல கட்டிக் கொண்டு போனோமே!"

எனக்கு அப்போது ஒரு வலி உச்சியில் இருந்தது. அந்த உச்சியிலிருந்து கேட்டேன். பொங்கல் ஜனவரி பதினாலு. ஜனவரி எட்டு எப்படிப் பொங்கலுக்குப் பிறகு வரும்?

எப்படி வரும்... எப்படி வரும்... ஐயோ!

முதல் தடவை இங்கே வந்தபோது, கடைசியாகத் தூரமானது எப்போது என்று சிஸ்டர் கேட்டார். இதையெல்லாம் நான் குறித்து வைக்கிறவள் இல்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா "தை எட்டு" என்றார். சிஸ்டர் யோசிப்பதற்குள், அரை நொடியில் நான் மொழிபெயர்த்துவிட்டேன் – "ஜனவரி எட்டு, சிஸ்டர்!" மாதத்தை மாற்றியவள் தேதியை மாற்றவில்லை. யூனிட்டை மாற்றாமல் விடை எழுதும் மாணவிகளுக்குச் சிவப்பு மையில் சுழிப்பவள் நான்!

"அம்மா! டாக்டரக் கூப்பிடும்மா!"

"ஏன்டி, பிள்ள வருதா?"

"பிள்ள வரலம்மா, தேதிதான் தப்பு!"

டாக்டரம்மா வந்தார். நான் திக்கித் திணறிச் சொன்னதைக் கேட்டார். முதலில் டிரிப்பை நிறுத்தினார். அப்புறம்தான் வாயைத் திறந்தார். "அந்தக் கல்யாணப் பத்திரிகை இருக்கா?"

வராந்தாவில் காலையிலிருந்து நின்றபடியே இருந்த என் கணவரிடம் அம்மா ஓடினார். "மாப்ள, வீட்டுக்குப் போயி அலமாரியில இருக்குற பேரையூர் கல்யாணப் பத்திரிகைய எடுத்துட்டு ஓடி வாங்க!"

"பிரசவத்துக்கு எதுக்கு அத்தை கல்யாணப் பத்திரிகை?" என்று கேட்டுக்கொண்டே சைக்கிளில் பறந்தாராம்.

மணி பத்து ஐம்பது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி டாக்டரம்மா சொன்னார். "மருந்த நிறுத்தியாச்சு. வலி நின்னாத் தப்பிச்சோம். நிக்காமப் போச்சுன்னா, பிள்ள எப்படி இருக்கோ அப்படியே வாங்கிக்க வேண்டியதுதான்."

இரண்டு நாளாக வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், கண்ணை மூடிக்கொண்டு, வராதே, வராதே என்று கெஞ்சினேன். செல்லமே, என் அவசரத்துக்கு நீ வராதே. சிஸ்டர் குழலில் காதை வைத்தார். எண்ணினார். இந்த முறை நான் எண்ணவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்லாத்தான் துடிக்குது" என்றார். அழுதுவிட்டேன்.

பத்திரிகை வந்தது. மூலையில் மஞ்சள், பின்பக்கத்தில் அம்மா எழுதிய மளிகை லிஸ்ட். முன்பக்கத்தில் எல்லாக் கல்யாணப் பத்திரிகையிலும் இருப்பதுபோல் இரண்டு தேதிகள் – தை மாதம் எட்டாம் தேதி, அடைப்புக்குறிக்குள் 21-1.

"பதிமூணு நாள்!" என்றார் டாக்டரம்மா. "அப்ப வயிறு சின்னது இல்ல. உன் கணக்குதான் பெரிசு."

பன்னிரண்டு மணிக்கு வலி ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. ஒரு மணிக்குப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று. மூன்று மணிக்கு, வீடு காலியானது போல் ஓர் அமைதி. உள்ளே ஒரு உதை மட்டும். கோபமாகத்தான் இருக்கும்.

அதே மூன்று மணிக்குப் பிரசவ அறையிலிருந்து வீறிட்ட சத்தம் – செல்விக்குப் பெண் குழந்தை! எந்தச் சிக்கலும் இல்லை. அதே மருந்து, அதே சிஸ்டர். அவளுக்கு உண்மையாகவே நாள் தாண்டியிருந்தது. எனக்குத் தாண்டியது நாள் இல்லை, பொறுமை.

மறுநாள் காலை, கொண்டுபோன அதே வயிற்றோடு திரும்பி வந்தேன். எங்கள் தெருமுனை ரிக்ஷாக்கார அண்ணன் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்ன தங்கச்சி, ஆஸ்பத்திரில எடம் இல்லைன்னுட்டாங்களா?"

"உள்ள இருக்குறவுங்க இன்னும் ரெடியாகலண்ணே."

யோசித்துப் பார்த்தால், நாம் எல்லாருமே இரண்டு காலண்டரில்தான் வாழ்கிறோம். சம்பளம் ஒன்றில், கல்யாணம் இன்னொன்றில். இத்தனை வருடமாக இடிக்காமல் நடந்துவிட்டோம் என்பதே ஆச்சரியம். கர்ப்பிணிச் சகோதரிகளே, டாக்டரிடம் தேதி சொல்லும்போது அது எந்தக் காலண்டர் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். டிரிப் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? தேவைப்படுகிறவர்களுக்கு அது வேண்டும். தேவையா என்று முடிவு செய்ய வேண்டியது மட்டும், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவசரக்காரி இல்லை.

என் புதிய தேதி அக்டோபர் இருபத்தெட்டு. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதுவரை எதையும் அவசரப்படுத்தாமல் சும்மா உட்கார்ந்திருப்பது என்று இன்று காலை ஏழு மணிக்கு முடிவெடுத்து முயன்றுகொண்டிருக்கிறேன்.

இப்போது மணி ஏழேகால்.