தெருவில் காணாமல் போன கேள்வி

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்து ஆண்ட காலத்தில் எங்கள் டத்தோ கிராமாட் தெருவில் அரிசியோடு சேர்ந்து ஒரு கேள்வியும் காணாமல் போயிற்று. "சாப்டாச்சா?"

அதற்கு முன் வாசலில் யாரைப் பார்த்தாலும் அதைத்தான் கேட்போம். வயிறு காய்ந்தாலும் "ஆச்சு" என்பதுதான் மரியாதையான பதில். தப்பித்தவறி "இல்லை" என்று சொல்லிவிட்டால், கேட்டவர் சோறு போட்டே ஆகவேண்டும். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு அவித்த வீடுகளில் யாருக்கு அதைக் கேட்கத் தைரியம் வரும்? அதனால் எல்லோரும் வெயிலைப் பற்றியே பேசினோம். எனக்கு எரிச்சலாக வரும். பினாங்கு வெயிலைப் பற்றி ஒரு மனுஷி எவ்வளவுதான் பேசுவாள்?

ஒரு நாள் மத்தியானம் பக்கத்து வீட்டு அக்காவின் தம்பி நெல் விளையும் கெடாவிலிருந்து யாருக்கும் தெரியாமல் அரிசி கொண்டுவந்தார். சோறு கொதிக்கும் வாசனை என் அடுப்படிவரை வந்தது. அரிசி என்று வாய்விட்டுச் சொன்னால் ஜப்பான்காரனிடம் வம்பு. அக்கா கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்தார். தெரு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"என்னா, எல்லாரும் சாப்டாச்சா?"

எத்தனை மாதம் கழித்து அந்தக் கேள்வி! ஒருவர்கூட மரியாதை பார்க்கவில்லை. "இல்லக்கா!", "இன்னும் இல்லக்கா!" என்று வீட்டுக்கு வீடு சிரிப்பும் கூச்சலுமாகப் பதில் வந்தது.

எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் என் வீட்டுக்காரர். கிழங்கைத் தின்றுவிட்டுக் கழுவிய கை அவருக்கு இன்னும் காயவில்லை.