நாய்க்குக் கல் வைத்த ஊர்

நாங்கள் குடியிருக்கும் ஹம் நகர நிலையத்தில் காலை 7.40க்கு ரயில் ஏறும்போது என் கைப்பையில் ஒரு சின்னப் போத்தல் பால் இருந்தது. காய்ச்சி ஆறவைத்த பால். கூடவே பால்கனியில் பூத்த நாலு செவ்வந்தி. என் கணவர் முதுகுப்பையில் மழைச்சட்டை, தேநீர்ப் பிளாஸ்க், முட்டை வைத்த பாண் என்று மலையேறப் போகிறவர் மாதிரி அடுக்கியிருந்தார். நாங்கள் போனதும் அப்படிப்பட்டவர்கள் போகிற இடத்துக்குத்தான். சவர்லாந்து மலைகளுக்குள் ஒரு சின்ன ஊர். ஏரி, படகு, பழைய கோட்டை, நடைபாதைகள். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த ஊர்ச் சனத்தில் எனக்குக் கோபமில்லை. ஆனால் பெயரை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

போன காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்துநாலு வருடத்துக்கு முன்னர் நாங்கள் இரண்டு பேரும் அந்த ஊரின் அகதி முகாமில் இருந்தோம். மூத்தவன் நிமலன் அங்கேதான் பிறந்தான். ஐந்தாம் நாள் போய்விட்டான். எங்கள் வழக்கத்தில் பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான். பெண்கள் சுடலைக்குப் போவதுமில்லை. நான் ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடக்க, இவரும் முகாமிலிருந்த ஆண்களும் சின்னப் பெட்டியில் கொண்டுபோய் ஊர் மயானத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். இவர் ஒரு பலகையில் பெயரைத் தமிழில் எழுதி நட்டாராம். அதை நான் கண்ணால் கண்டதில்லை.

பிறகு எங்களை ஹம்முக்கு அனுப்பினார்கள். அந்த நாளில் அனுமதி இல்லாமல் மாவட்டம் தாண்ட முடியாது. அனுமதி தேவையில்லாத காலம் வந்தபோது வேலை வந்தது, இரண்டு பெண் பிள்ளைகள் வந்தார்கள். வருடா வருடம் அந்த நாளில் விளக்கேற்றிப் பாற்புக்கை படைப்போம். அவன் மண்ணுக்குள் இருக்கிறான், எங்கே போகப் போகிறான் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தோம். எங்கள் ஊரில் செத்தவரிடம் மண்ணுக்குத் தவணை கேட்பார் உண்டா?

போன மாதம், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு மூதாட்டிக்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். தன் கணவரின் கல்லறை நிலத்துக்குக் காசு கட்டி எடுத்த தவணை முடிகிறது, புதுப்பிக்க வேண்டும் என்றார். பஸ் பாஸைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார். புதுப்பிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். எடுத்துவிடுவார்கள் என்றார். மற்றச் சப்பாத்தை எப்படிக் கட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்ததும் இவரிடம் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, நாங்கள் எப்பவாவது புதுப்பிச்சனாங்களோ?"

"எதை?" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. டெலிபோன் எடுத்துக் கேட்டிருக்கலாமே என்று இளைய மகள் கேட்டாள். எடுக்கலாம்தான். என் பிள்ளை இருக்கிறானா இல்லையா என்பதை முகம் தெரியாத ஒருவர் டெலிபோனில் சொல்லக் கேட்க என்னால் ஏலாது. வெள்ளிக்கிழமைக்கு விடுமுறை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

ஊனாவில் ஒரு மாற்றம், ஃபுரோண்டன்பேர்க்கில் இன்னொரு மாற்றம். அதன்பிறகு ரயில் ரூர் ஆற்றோடு சேர்ந்து மேலே போகிறது. ஆறு அங்கே சின்னதுதான். கரையில் சைக்கிள் பாதை, அதில் குடும்பம் குடும்பமாய் ஆட்கள், பின்னால் மலைகள். அந்த மலைகளைப் பார்த்தபோதுதான் இவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். காடு இல்லை. நாங்கள் இருந்த காலத்தில் பகலிலும் இருட்டாய் நின்ற ஊசியிலைக் காடு, மொட்டையாய்க் கிடந்தது. வெட்டிய மரங்களைப் பாதையோரம் வீட்டுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள்.

எதிரே நடைக்கோல்களோடு ஒரு வயதானவர் இருந்தார். தொடர்ந்து மழையில்லாத வருடங்கள், பட்டைக்குள் வண்டு, எல்லாம் போய்விட்டது என்றார். நாங்கள் போகும் ஊரின் பெயரைச் சொல்லி, அங்கேயுமா என்று இவர் கேட்டார். அங்கேதான் முதலில் போனது என்றார் அவர். நல்ல மனுசர், இனி மலையேறினால் நிழல் இல்லை, தொப்பி போட்டுக்கொள்ளுங்கள் என்று புத்தியும் சொன்னார்.

இவர் என் பக்கம் திரும்பி மெதுவாய்ச் சொன்னார்: "மயானத்துக்குப் பின்னாலை மூண்டு பெரிய மரம் நிண்டது. நடு மரத்துக்கு நேரை. அதுதான் என்ரை அடையாளம்."

நான் பிளாஸ்க்கை மூடி அவருடைய பைக்குள் வைத்தேன்.

நிலையத்திலிருந்து ஊருக்குப் பஸ்ஸில் 11 கிலோமீட்டர். ஏறும்போது இவர் சாரதியிடம் கோட்டைக்கு எந்தத் தரிப்பு என்று கேட்டார்.

"கோட்டையோ?" என்றேன்.

"வழியிலைதானே. ஒருக்காப் பாத்திட்டுப் போவம்."

கோட்டையில் மிஞ்சியது ஒரு கோபுரமும் ஒன்றரைச் சுவரும்தான். ஆனால் இந்த நாட்டுக்காரர் ஒன்றரைச் சுவரை வைத்தும் ஒரு நாள் முழுக்கக் கதை சொல்லுவார்கள். கோபுரத்துக்குள் ஊர் நூதனசாலை, ஆளுக்கு நாலு யூரோ. ஆணி அடிக்கும் சம்மட்டிகள், இராக்காவலாளியின் கொம்பு, உடைந்த கோயில் மணி, எப்போதோ செத்த மேயரின் மூக்குக் கண்ணாடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு, ஒரு அட்டை. இவர் ஒவ்வொரு அட்டையையும் வரி வரியாய் வாசித்தார். வீட்டில் தபால் வந்தால் உறைகூடப் பிரிக்காத மனுசன்!

வெளியே தோட்டத்தில் ஒரு பெரிய மரத்தின் கீழே சின்ன இரும்பு வேலி. உள்ளே முழங்கால் உயரத்தில் ஒரு கல். கோட்டைப் பிரபுவின் வேட்டை நாயைப் புதைத்த இடம். இருநூறு வருடத்துக்கு மேலாம். எழுத்துகள் தெளிவாய் இருந்தன, பாசி இல்லை, முன்னால் புதிதாய்ப் பூக்கன்றுகள் நட்டிருந்தார்கள். வசந்தம்தோறும் ஊர்ச் சங்கத்தார் வந்து கழுவித் துடைப்பார்கள் என்று நுழைவுச்சீட்டுக் கொடுத்த பெண் பெருமையாய்ச் சொன்னார்.

அந்த இடத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது என்றால் நம்புவீர்களா? வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், வந்தது. ஒரு நாயை இருநூறு வருடம் வைத்துப் பார்க்கிற சனம், ஒரு பிள்ளையை எறிந்துவிடுமா? இவருக்கும் அதுவே பட்டிருக்க வேண்டும். நாயின் கல்லைக் கையால் தடவிப் பார்த்தார்.

அப்படியே மயானத்துக்குப் போவோம் என்று நான் நினைக்க, அவர் ஏரிக்கரைக்கு நடந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் படகுச் சீட்டும் எடுத்துவிட்டார், ஆளுக்குப் பன்னிரண்டு யூரோ. அணை கட்டி மறித்த பெரிய ஏரி அது. தண்ணீர் வற்றிக் கரையெல்லாம் மஞ்சள் மண் தெரிந்தது. பிள்ளைகள் துடுப்புப் பலகைகளில் நின்று விழுந்து சிரித்தார்கள். ஒலிபெருக்கியில் அணையின் உயரம், நீளம் எல்லாம் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

"இன்னும் எத்தினை இடம் காட்டப் போறியள்?" என்று கேட்டேன்.

"வந்தது வந்தம்…"

"நீங்கள் பயப்பிடுறியள்."

"ஓம்," என்றார். "இல்லையெண்டு தெரியுமட்டும் இருக்குதுதானே. நீர் என்னை ஏசாதையும்."

எனக்கு ஏச்சுத்தான் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்லியும் விட்டேன். ஆனால் பெட்டியைக் கையில் சுமந்தது அவர். நான் சுமக்கவில்லை. அதை நினைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

மயானத்துக்குப் போய்ச் சேர மதியம் இரண்டரை. வாசலில் பூவுக்கு ஊற்றும் பச்சை நிறத் தண்ணீர்க் கேத்தல்கள் வரிசையாய்த் தொங்கின. இவர் உள்ளே விறுவிறென்று நடந்தார். சிற்றாலயம் தாண்டி இடப்பக்கம், பிறகு மேட்டில் ஏறினார். ஏறியவர் நின்றுவிட்டார். நானும் பின்னால் போய் நின்றேன்.

புல். அழகாய் வெட்டிய பச்சைப் புல். அதற்கு அப்பால் மரமில்லாத சரிவு. வேறு ஒன்றுமில்லை.

கைவண்டில் தள்ளிக்கொண்டு வந்த தோட்டக்காரப் பெண்ணிடம் இவர் கேட்டார். குழந்தைகளின் வரிசையா, அதை எடுத்துப் பல வருடமாகிறதே என்றாள். தவணை முடிந்தால் பலகையில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டுவார்களாம்: உறவினர் தயவுசெய்து அலுவலகத்தோடு தொடர்புகொள்ளவும். ஒரு வருடம் அப்படியே விட்டு வைப்பார்களாம், யாராவது வருவார்கள் என்று.

ஒரு வருடம். மழையிலும் பனியிலும் என் பிள்ளையின் பெயருக்கு மேல் ஒரு மஞ்சள் தாள் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. நாங்கள் ஹம்மில் அவனுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தோம்.

தோண்டி எடுப்பதில்லை, அவர்கள் எல்லாரும் கீழேதான் இருக்கிறார்கள், மேலே மட்டும் சமப்படுத்திப் புல் விதைத்தோம் என்றாள் அந்தப் பெண். ஆறுதலாய்த்தான் சொன்னாள். எந்த இடம் என்று கேட்டேன். அலுவலகத்துக்குத் தன் போனிலேயே எடுத்துக் கேட்டாள். பாதையையும் வேலியையும் அப்போது நகர்த்தியதால், வரிசை எங்கே தொடங்கியது என்றுகூட இப்போது சரியாகச் சொல்ல முடியாதாம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அவள் என்ன செய்வாள், எங்கள் பிள்ளையை அங்கே வைத்தபோது அவள் பிறந்தே இருக்கமாட்டாள்.

இவர் புல்லில் இறங்கினார். "இஞ்சை," என்றார். சரிவைத் திரும்பிப் பார்த்தார். நாலு அடி தள்ளிப் போனார். "இல்லை, இஞ்சைதான்." பிறகு இன்னும் மேலே. அங்கேயும் நிற்காமல் திரும்பிக் கீழே வந்தார். நடு மரத்தைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது. கடைசியில் நடுப் புல்லில் முழந்தாளிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

நான் பாதையைவிட்டு இறங்கவில்லை. எங்கே கால் வைத்தாலும் அவன் மேல் வைத்துவிடுவேனோ என்று பயமாய் இருந்தது. பூவைப் புல்லின் ஓரத்தில் வைத்தேன்.

"பாலை ஊத்துமன்," என்றார் இவர்.

"எங்கை?"

நெஞ்சு வெடித்து அழுதேன். அவன் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை, அன்று அழ உடம்பில் பலமில்லை.

திரும்பி வரும் பஸ் கோட்டையைச் சுற்றித்தான் வந்தது. இரண்டு பேரும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தோம். நல்ல ஊர், ஏரி, நடக்க நல்ல பாதைகள், போகிறவர்கள் போய்வாருங்கள். ஆனால் உங்களில் யாருக்காவது இந்த நாட்டு மண்ணுக்குள் ஒருவர் இருந்தால், முதலில் அங்கே போங்கள். எங்கள் ஊரில் மண் ஒருவரை எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொண்டதுதான் என்று இருந்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்து கைப்பையைத் திறந்தேன். அவனுக்கென்று கொண்டுபோன பாலைக் கழுவுதொட்டியில் ஊற்ற மனம் வரவில்லை. குளிர்பெட்டிக்குள் வைத்தேன். அது ஒரு கிழமைக்கு முந்திய கதை. பால் இந்நேரம் புளித்திருக்கும். இன்று காலை சம்பல் போத்தல் எடுக்கப் போன இவர், பால் போத்தலை மெல்ல நகர்த்தி, சம்பலை எடுத்துக்கொண்டு, அந்தப் பாலைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.