ஹெல்வி படித்துச் சொன்னது

ஹெல்விக்கு விண்வெளிக் கதை என்றாலே ஆகாது. முப்பத்தொரு வருஷம் ஃபின்லாந்தின் கோட்கா நகரத்துப் பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சிய பெண்மணி அவள். தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் தாவுகிறவர்களை டிவியில் பார்த்தால், "யாரு காதுல பூ சுத்துறாங்க" என்று பின்னல் ஊசியை எடுத்துக்கொள்வாள். அவள் கணவர் ஒஸ்மோ அதற்கும் ஒரு படி மேலே. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். செய்தி, வானிலை, பனிச்சறுக்குப் போட்டி, இந்த மூன்றும் தவிர டிவியில் வருகிற எல்லாமே வேலையில்லாதவர்கள் வேலையில்லாதவர்களுக்காகச் செய்தது என்று அடித்துச் சொல்வார்.

அப்பேர்ப்பட்ட இரண்டு பேரும் 1997 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சவுனா என்கிற நீராவி அறையில் குளித்துவிட்டு முகமெல்லாம் சிவக்க, கடுகுச் சாந்தில் தொட்டு சாசேஜ் தின்றபடி பனிச்சறுக்குப் போட்டிக்காக உட்கார்ந்திருந்தார்கள். போட்டி நடக்கிற மலையில் புயலாம், ரத்து. அதற்குப் பிறகு தொடங்க வேண்டிய ஆங்கிலத் தொடரை முன்னாலேயே போட்டுவிட்டார்கள். பெயர் 'இழுவைக் கப்பல் ஏழு'. சனிக் கிரகத்தின் வளையத்திலிருந்து பனிப்பாறைகளை இழுத்து வந்து விற்கிற நான்கு பேரின் கதை. கப்பலின் சுவர் அட்டைதான் என்பது ஆள் சாய்ந்தால் தெரிந்தது. ஹெல்வி அணைக்கப் போனாள்.

"இரும்மா," என்றார் ஒஸ்மோ. "அந்தக் கிழவி என்ன சொல்லுறா? படி."

படி என்றதற்குக் காரணம் உண்டு. ஒஸ்மோவுக்கு மூன்று வருஷமாக நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் மட்டும் ஏதோ கலங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். ஃபின்லாந்தில் வெளிநாட்டுத் தொடருக்கு யாரும் ஃபின்னிஷ் பாஷையில் குரல் கொடுப்பதில்லை, பேச்செல்லாம் படத்தின் அடியில் எழுத்தாக ஓடும். அதனால் பத்திரிகை, மாத்திரை டப்பா, கடிதம், டிவியில் ஓடுகிற எழுத்து என்று எல்லாவற்றையும் ஹெல்விதான் வாய்விட்டுப் படிப்பாள்.

அந்தக் கிழவி கப்பலின் கேப்டன், ஹார்ட்லி என்று பெயர். ஒரு இளவட்டம் பாறையை வெடுக்கென்று இழுத்ததற்காகத் திட்டிக்கொண்டிருந்தாள். ஹெல்வி படித்தாள்: "நகர்த்துறதை யாரு வேணா செய்வான். அவ்வளவு பாரத்தை நிறுத்தத் தெரியுமா உனக்கு?"

ஒஸ்மோ தட்டைக் கீழே வைத்தார். "அம்மா, இதை எழுதினவன் கிரேன் ஓட்டினவன்."

"எழுதினவன் உன் தாத்தா. சாப்பிடு அப்பா," என்றாள் ஹெல்வி.

"இல்லம்மா, அடுத்தது என்ன? படி, படி."

அன்றைக்கு மாட்டியவர்கள்தான். சும்மா சொல்லக் கூடாது, தொடர் அப்படி நன்றாக இருந்தது. சண்டை கிடையாது, பச்சை மூஞ்சி ராட்சசன் கிடையாது. வேலை, களைப்பு, வீட்டு நினைப்பு, வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து சேரும் செய்திகள். மூன்றாவது வாரத்தில் ஹெல்வி பின்னலைத் தொடவே இல்லை. ஐந்தாவது வாரத்தில் மாடிவீட்டுக் கலெர்வோவிடம், "அட்டைச் சுவரெல்லாம் பார்க்காதே, ஆளுங்களைப் பாரு" என்று ஒஸ்மோ பிரசங்கமே செய்தார். கலெர்வோவும் அவருடன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்தான். சரி, பார்க்கிறேன் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அப்பா, அம்மா என்று இவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது மகன் கிம்மோ பிறந்த நாளிலிருந்து வந்த வழக்கம். கிம்மோ அந்த வீட்டு வாசலை மிதித்துப் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. இருபது வயதில் ராணுவப் பயிற்சிக்குப் போகமாட்டேன், அதற்குப் பதிலான வேலையும் செய்யமாட்டேன் என்று சொல்லி எட்டு மாதம் சிறையில் இருந்தான். ஒஸ்மோவோ பன்னிரண்டு வயதில் போரில் அப்பாவைப் பறிகொடுத்தவர். சிறையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்த மகனை வாசலிலேயே நிறுத்தி, கோட்டைக்கூடக் கழற்றவிடாமல், ஒரு காபிகூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பினார். எங்கள் ஊரில் மீட்டர் பார்க்க வருகிறவனுக்குக்கூடக் காபி உண்டு. கிம்மோ ஸ்வீடனுக்குப் போய், ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரனாகச் சேர்ந்தான். வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு வரும், அம்மா பெயருக்கு மட்டும்.

கண் போன வருஷம் ஹெல்வி அவனுக்கு எழுதினாள்: அப்பாவுக்குப் பார்வை போய்விட்டது, ஒரு வார்த்தை எழுது. கார்டு வந்தது. ஒஸ்மோ கதவுப் பக்கம் காதைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். "என்னம்மா எழுதியிருக்கான்?" என்று கேட்ட குரலில் அத்தனை ஆசை. ஹெல்வி கார்டில் இருந்ததை விட்டுவிட்டு, "அப்பாவைக் கேட்டதாச் சொல்லு, ஒருநாள் வர்றேன்" என்று படித்தாள். அவ்வளவுதான், பொய் வீட்டுக்குள் வந்துவிட்டது.

மறுநாளே ஒஸ்மோ தான் சொல்லச் சொல்ல ஹெல்வியை ஒரு கடிதம் எழுதவைத்தார். வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே கடிதம். "நீ என்னைக் கேட்டு எழுதினது சந்தோஷம். அன்னைக்கு உன்னை வாசல்ல நிறுத்தினது தப்பு. என் அப்பா மேல இருந்த துக்கத்தை உன் தலையில இறக்கிட்டேன். மன்னிச்சுடு." ஹெல்வி அழுதுகொண்டே எழுதினாள். ஆனால் தபாலில் போடவில்லை. போட்டால், நான் எங்கே இவரைக் கேட்டேன் என்று கிம்மோவுக்குப் பொய் தெரிந்துவிடும், வருஷத்துக்கு ஒன்று வருகிற கார்டும் நின்றுபோகும் என்று பயந்தாள். மேஜைவிரிப்புகளுக்கு அடியில் அந்தக் கடிதம் இரண்டு வருஷமாகக் கிடந்தது. அடுத்த கார்டு வந்தபோது, "அப்பா கடிதம் கிடைச்சுது" என்றும் சேர்த்துப் படித்தாள். பாவி, அவளுக்கு அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை.

தொடரின் எட்டாவது வாரம். கேப்டன் ஹார்ட்லிக்கும் ஒரு மகள், அவளும் அம்மாவிடம் பேசாதவள். முதல் வாரத்திலிருந்து திறக்காமல் வைத்திருந்த மகளின் செய்தியைக் கேப்டன் அன்றைக்குத் திறந்தாள். ஒஸ்மோ ஹெல்வியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். திரையில் இரண்டு வரி ஓடியது: 'உன் கடிதம் எல்லாம் வந்தது. உன்னை மன்னிக்கவில்லை, இனி எழுதாதே.'

அந்த எழுத்து நாலு விநாடி நிற்கும். யோசிக்க நேரமில்லை. ஹெல்வியின் வாய் தானாகப் படித்தது: "உன் கடிதமெல்லாம் வந்துச்சும்மா. கோபமெல்லாம் போயிடுச்சு."

"பாத்தியா," என்றார் ஒஸ்மோ. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெத்த பிள்ளை எத்தனை நாளைக்குக் கோபமா இருக்கும்?"

அதற்கப்புறம் ஹெல்வி பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஒன்பதாவது வாரம் கேப்டன் குடித்துவிட்டுக் கிடந்தாள். ஏன் அழுகிறாள் என்று கேட்டால், "சந்தோஷத்துல" என்றாள் ஹெல்வி. யாரிடமும் பேசமாட்டேன் என்கிறாளே என்றால், "வெட்கம்" என்றாள். ஒஸ்மோ புருவத்தைச் சுருக்கினார். "நல்லா எழுதிட்டு வந்தவன், இப்படிச் சொதப்பிட்டானே" என்று வருத்தப்பட்டார். யாரோ முகம் தெரியாத ஆசாமிக்கு வீணாகக் கெட்ட பெயர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கலெர்வோ காபிக்கு இறங்கி வந்தார். ஏலக்காய் பன்னைக் காபியில் தோய்த்தபடி உட்கார்ந்தவர், "நீ சொன்னது நிஜம்தான்ப்பா, நான் ஒரு மாசமா விடாம பாக்குறேன்" என்று ஆரம்பித்தார். "ஆனா அந்தப் பொண்ணுக்குக் கல்மனசுய்யா. பெத்தவளைப் பாத்து, மன்னிக்கமாட்டேன், இனிமே எழுதாதேன்னு சொல்லிட்டாளே. அதுலதான் கிழவி குடிக்க ஆரம்பிச்சுட்டா."

ஹெல்வியின் முகத்தில் ஈயாடவில்லை. ஒஸ்மோ கோப்பையைத் தட்டில் மெதுவாக வைத்தார். "அப்படியா சொன்னா?"

"ஏன், ஹெல்வி படிச்சுக் காட்டலையா?"

"படிச்சா, படிச்சா," என்றார் ஒஸ்மோ. பிறகு துறைமுகத்துப் பனியைப் பற்றிப் பேச்சை மாற்றினார். கலெர்வோ மாடி ஏறிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.

"அம்மா. கிம்மோவோட கார்டையெல்லாம் எடு."

எடுத்தாள்.

"இருக்கிறதை இருக்கிற மாதிரி படி."

கடைசியாக வந்ததை முதலில் படித்தாள். "அம்மாவுக்கு வாழ்த்து. நான் நல்லா இருக்கேன். கிம்மோ." அதற்கு முந்தியதும் அதேதான். கண் போன வருஷம் வந்த கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒஸ்மோ காத்திருந்தார். "அம்மாவுக்கு வாழ்த்து. அந்த மனுஷனோட கண்ணைப் பத்தி எனக்கு எழுதாதே. கிம்மோ."

"அப்ப என் கடிதம்?"

"போடலை அப்பா."

ஒஸ்மோ கத்தியிருந்தால் ஹெல்விக்குத் தேவலையாக இருந்திருக்கும். மனிதர் கத்தவில்லை. "நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்னு நெனச்சு ரெண்டு வருஷமா நிம்மதியாத் தூங்கினேனேம்மா," என்று மட்டும் சொன்னார். ஹெல்வி அவர் கையைத் தொட்டாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, பழைய கடிதத்தையே ஒரு எழுத்து மாற்றாமல் அனுப்பச் சொன்னார். ஹெல்வி தன் பங்குக்கு இன்னொரு தாளில் நடந்ததையெல்லாம் எழுதி உள்ளே வைத்தாள். பனி வழுக்கும் தெருவில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒஸ்மோ கூடவே வந்தார். மஞ்சள் தபால் பெட்டியின் வாயை விரலால் தடவிப் பார்த்து, உறையைத் தானே உள்ளே போட்டார்.

அந்தச் சனிக்கிழமை, எழுத்துப் படிக்கக் கலெர்வோ வந்தார். ஒஸ்மோதான் கூப்பிட்டிருந்தார். கலெர்வோ தத்தித் தத்திப் படிப்பார், ஒரு வரியை முடிப்பதற்குள் திரையில் இரண்டு வரி ஓடிப்போய்விடும். ஒஸ்மோ முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஹெல்வி சமையலறையில் நின்று, கழுவிய கோப்பைகளையே மறுபடியும் கழுவினாள். பதின்மூன்றாவது வாரத்தோடு தொடர் முடிந்தது. எப்படி முடிந்தது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மே மாதம் கார்டு வந்தது. பிரேசில் நாட்டுத் தபால்தலை. மேலே 'ஒஸ்மோவுக்கும் ஹெல்விக்கும்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததுமே ஹெல்வி செருப்போடு வீட்டுக்குள் ஓடினாள். நின்றபடியே படித்தாள்.

"அப்பா, உங்க கடிதம் ரெண்டு வருஷம் கழிச்சு என் கையில கிடைச்சுது. பத்து தடவை படிச்சேன். நானும் கல்லாத்தான் இருந்துட்டேன். அம்மாவைத் திட்டாதீங்க. செப்டம்பர்ல கப்பல் திரும்புது, இறங்கினதும் நேரா வீட்டுக்கு வர்றேன். உங்க கிம்மோ."

ஒஸ்மோ சிரித்தார். பிள்ளை காட்டுகிற கிறுக்கல் படத்துக்குச் சிரிப்போமே, அந்த மாதிரி.

"நல்லாயிருக்கும்மா," என்றார்.

ஹெல்விக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. "அப்பா, இது நிஜம். சத்தியமா இதுல இருக்கு. தபால்தலையைத் தொட்டுப் பாரு."

"தபால்தலை இருக்கும். கார்டு வராம இருக்குமா? வருஷா வருஷம் வருதே."

அவள் மாடிக்கு ஓடி, கலெர்வோவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். கலெர்வோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தத்தித் தத்தி, ஒரு வார்த்தை விடாமல் படித்தார்.

"எத்தனை பன்னு கொடுத்தா உனக்கு?" என்றார் ஒஸ்மோ.

"யோவ், உன் மகன் கையெழுத்துய்யா இது!"

"எனக்குக் கோபமில்லை கலெர்வோ. அவ எப்பவும் நல்லதாத்தான் படிப்பா." ஹெல்வி நின்ற பக்கம் கையை நீட்டி, அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளை அப்போதுதான் தொட்டார்.

ஹெல்வி கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டாள். கப்பல் நடுக்கடலில் இருக்கிறது, செய்தியைச் சொல்லிவிடுகிறோம் என்றார்கள். தினமும் மேஜையில் கார்டை வைத்துப் பார்த்தாள். ஒஸ்மோவின் கை அதன் மேல் பட்டால் ஓரமாக நகர்த்திவிட்டுக் காபிக் கோப்பையைத் தேடும். செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது, வாசலில் அவன் குரல் கேட்டால் தானாக நம்புவார் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலை, ஒரு காலில் காலுறையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே ஒஸ்மோ போய்ச் சேர்ந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

அடக்கத்தை மூன்று வாரம் தள்ளிவைத்தார்கள். கிம்மோ ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி, விமானம் பிடித்து வந்துவிட்டான். முன்தலை வழுக்கை விழுந்து, நடையும் தோளும் அப்படியே ஒஸ்மோ. எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு, அம்மாவும் மகனும் மட்டும் கூடத்தில் இருந்தார்கள்.

"அம்மா, என் கார்டு வந்துச்சா?"

"மே மாசமே வந்துச்சு."

"அப்பாகிட்ட படிச்சுக் காட்டினியா?"

"ஒரு எழுத்து மாத்தாம படிச்சேன்டா. மாடிவீட்டுக் கலெர்வோவும் படிச்சார்."

கிம்மோ தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "கேட்டுட்டு என்ன சொன்னாரு?"

ஹெல்வி மகனின் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கும்மான்னு சொன்னார்."

கிம்மோ இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். வெகு நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப நான் வர்றேன்னு தெரிஞ்சுதான் போயிருக்காரு, இல்லம்மா?" என்றான்.

ஆமாம் என்று ஹெல்வி தலையாட்டினாள்.