மூன்று நாள் உறங்கிய வெள்ளை

புதுக்குடியிருப்பில் அக்காவும் நானும் நடத்துவது, சட்டைகளில் எழுத்தும் படமும் பதித்துக் கொடுக்கும் சிறிய கடை. எங்கள் பொறி முதலில் ஒரு படலத்தில் அச்சிடும். அதன்மேல் பசைத்தூள் தூவி உருக்கி, வெப்ப அழுத்தியால் துணிக்கு மாற்றுவோம். அந்தக் கடையில் என் காலை வெள்ளை மையோடு தொடங்கும். மற்றை நிறங்கள் தம் பாட்டில் கிடக்கும். வெள்ளை அப்படிக் கிடக்காது. அதனுள் மிதக்கும் நுண்தூள் கனமானது. விட்டால் அடியில் படிந்து இறுகிவிடும். ஆகவே கதவைத் திறந்ததும் அதன் போத்தலை இரு கையாலும் ஏந்தி, நுரை எழாதபடி சரித்துச் சரித்துக் கலக்குவேன். மை பீச்சும் அச்சுத் தலை ஓய்ந்திருக்கும் இறப்பர் மூடியைக் கழுவுநீர் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைப்பேன். காற்று காய்ந்திருந்தால், மூடுபனி போல ஈரம் ஊதும் சிறு கருவியை மூலையில் இயக்கி வைப்பேன்.

கடைசியாக அதே படலத்தில் ஒரு சோதனைத் தாள். மயிரிழைக் கோடுகள் படிபடியாக இறங்கும். ஒவ்வொரு கோடும் அச்சுத் தலையின் ஒரு துளை. வெள்ளைக் கோடுகளைக் காண்பதற்குப் படலத்தைக் கறுப்புத் துணிமேல் விரிக்க வேண்டும். அப்போது, இருண்ட வயலின் மறுகரையில் பெய்யும் மழையைத் தொலைவில் நின்று காண்பது போலிருக்கும். அந்த மழையைப் பார்த்தபடி வேலை மறந்து நின்ற காலைகள் பல.

ஓர் ஆண்டு, நவராத்திரியின் கடைசி மூன்று நாளும் பொறிக்கு ஓய்வு என்று அக்கா தீர்மானித்தார். அந்நாள்களில் எங்கள் தெருவில் தையற்பொறி ஓடாது. மண்வெட்டி பொட்டிட்டுச் சாய்ந்திருக்கும்.

"அக்கா, இது ஒவ்வொரு நாளும் கொஞ்சமெண்டாலும் ஓட வேணும். இல்லாட்டி வெள்ளை இறுகிப்போகும்," என்றேன்.

"எல்லாற்ற மிசினும் பேசாமக் கிடக்குது. உன்ர மிசின் என்ன, பெரிய இடத்துப் பிள்ளையோ?"

"ரெண்டு நிமிசம் போதும்."

"ரெண்டு நிமிசமும் வேலைதானே? விசயதசமிக்கு முன்னம் அதில கை வைச்சா எனக்குப் பொல்லாத கோவம் வரும், சொல்லிப்போட்டன்."

ஒரு பாடசாலையின் கரப்பந்தாட்ட அணிக்குரிய கருநீலச் சட்டைகள் அப்போது எங்கள் மேசையில் இருந்தன. இலக்கப் பட்டியல் பிந்தி வந்ததால் அச்சு வேலை விசயதசமிக்கு ஒதுங்கியிருந்தது; அதற்கு மறுநாட் காலையில் போட்டி. நான் மேலும் வற்புறுத்தியிருக்கலாம். அக்காவின் கோபம் மட்டும் என்னைத் தடுக்கவில்லை. பொறியின் மேற்புறத்தில் சந்தனமும் குங்குமமும் துலங்க, ஒரு சரம் மல்லிகை வழிய, சாம்பிராணிப் புகை அதனைச் சுற்றி மெல்ல அலைந்தது. நாள் முழுதும் முணுமுணுக்கும் பொறி அன்று மௌனமாயிருந்தது. அந்த மௌனம் எனக்கு இனித்தது. எனக்குத் தெரிந்ததை நானே அந்தப் புகையினுள் மறந்திருந்தேன்.

விசயதசமிக் காலையில் சோதனைத் தாளைக் கறுப்புத் துணியில் விரித்தேன். மழை பாதியில் நின்றிருந்தது.

மஞ்சளும் சிவப்பும் குறைவின்றி இறங்கியிருந்தன. ஆயினும் கருநீலத் துணியில் எந்த நிறமும் வெள்ளைப் படுக்கையின்மேல்தான் துலங்கும்; வெள்ளை இல்லையேல் மஞ்சள் இலக்கம் துணிக்குள் அமிழ்ந்துபோகும். பொறியின் கழுவும் பொத்தானை ஒரு தடவை அழுத்தினேன். பயனில்லை.

சட்டைகளை வாங்க அணியின் ஆசிரியை நண்பகலுக்கு முன்பே வந்துவிட்டார்.

"இலக்கம் இல்லாட்டிப் பிள்ளையளை இறக்க மாட்டினம், தங்கச்சி. ஒரு வருசமாப் பழகினதுகள்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "இன்னொருக்கா அமத்தன்ரி!"

"அமத்த அமத்த மைதான் வீணாப்போகும், தலையும் பழுதாகும். ஊற விடுவம்."

"ஊற விடுறதோ? என்ன, உழுந்தே போட்டிருக்கிறாய்?"

இறப்பர் மூடியில் கழுவுநீர் நிரப்பும்போது, அச்சுத் தலையைத் துடைக்கும் தகட்டின் ஓரத்தில் காய்ந்த சந்தனச் செதில் ஒன்று ஒட்டியிருக்கக் கண்டேன். அதனை எடுத்துக் காட்டினேன். ஆசிரியை அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"நெத்தியில பொட்டு வைச்சது சரி. கண்ணுக்குள்ளயும் வைச்சிட்டியளே?"

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இருங்கோ ரீச்சர், தேத்தண்ணி கொண்டு வாறன்."

அச்சுத் தலையை அந்நீரின்மேல் இறக்கிவிட்டுக் காத்திருந்தோம். சோழகக் காற்று ஓய்ந்தும் மாரி வராத நாள்கள் அவை. தெருப்புழுதி எழுந்து வெயிலில் பொன்னாக நின்றது. கடைக்குள் ஈரக்கருவியின் பனி எங்கள் கணுக்கால்களைச் சுற்றிப் படர்ந்தது. ஆசிரியை கதிரையிலேயே கண்ணயர்ந்தார். காலமும் எங்கோ ஊறிக்கொண்டிருப்பதாய் எனக்குத் தோன்றியது. ஒரு மணி நேரத்தின்பின் எடுத்த தாளில் சில கோடுகள் திரும்பியிருந்தன. மீண்டும் ஊறவிட்டேன். இன்னும் சில வந்தன. மூன்றாம் தாளைக் கறுப்புத் துணியில் விரித்தபோது, இரண்டு கோடுகள் தவிர மழை முழுதும் பெய்துகொண்டிருந்தது.

"இதுக்குக் காணுமோ?" என்றார் அக்கா.

"காணும். ரெண்டு கோடு குறைஞ்சாலும் இலக்கம் துலங்கும்."

பொழுது சாயுமுன் கடைசிச் சட்டையும் அழுத்தியிலிருந்து இறங்கியது. சூடாறாத பொதியை நெஞ்சோடு அணைத்தபடி ஆசிரியை பஸ் ஏறினார்.

அடுத்த நவராத்திரியில் நான் வாய் திறக்குமுன் அக்காவே சொன்னார்: "முதல்ல மிசினைக் கழுவிப்போட்டு வா. பிறகு பூசை."

"இந்த நாளில வேலை செய்யக்கூடாதே, அக்கா?"

"ஆர் வேலை எண்டது? முகம் கழுவாமல் ஆரும் பூசைக்கு இருக்கிறவையே?"

இப்போது மூன்று நாளும் அதற்கு அந்தக் காலைக் கழுவல் உண்டு. சந்தனம் மேசைக்காலுக்கு இறங்கிவிட்டது. அன்றன்றைய சோதனைத் தாளை அக்கா கறுப்புத் துணியோடு மடித்து, அவலுக்கும் கடலைக்கும் அருகில் கலைமகள் படத்தடியில் வைப்பார். அந்த இரண்டு கோடுகள் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை.